சொந்தத் தூதனுக்குத் தடையா?

(அபிராமபுரத்தில் நடைபெற்ற வட்டக் கழகக் கூட்டத்தில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



"விலைவாசியைப் பேசு, வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பேசு, டெல்லியின் ஓரவஞ்சனையைப் பேசு" என்று சொல்லித்தான் அபிராமபுரம் தோழர்கள் என்னை மேடையில் ஏற்றினார்கள். ஏறினேன். ஒலிபெருக்கியைப் பிடித்தேன். "இன்று ஒரு கதவைப் பற்றிப் பேசப் போகிறேன்" என்றேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "எந்தக் கோயில் கதவு?" என்று கேட்டார். கேட்டதில் தவறில்லை. கபாலீசுவரர் கோயில் நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. நாமோ, 1924-இல் வைக்கத்துத் தெருவிலே மனிதன் நடமாடும் உரிமைக்காகச் சிறை சென்ற பெரியாரின் வழி வந்தவர்கள். கதவு என்றதும் கோயில் நினைவு வராமல் இருக்குமா?

நான் பேச வந்த கதவு கோபுரத்தின் கீழ் இல்லை. உங்கள் வீட்டுக் கூடத்திலே, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலே, பச்சை விளக்கு மின்ன ஒரு சிறு பெட்டி இருக்கிறதே, ரவுட்டர் என்கிறோமே, அதிலிருந்து வெளியுலகுக்குப் போகும் பாதையிலே இருக்கிறது அந்தக் கதவு. கண்ணுக்குத் தெரியாது. பெயர் கிடையாது, எண் உண்டு. எண் 25.

இந்த வட்டத்துத் தோழர் ஒருவர். பெயர் வேண்டாம், கூச்ச சுபாவம் உள்ளவர். பகலிலே கணக்கெழுதும் வேலை. இரவிலே கணினியோடு குடித்தனம். வட்டக் கழகத்தின் மாத மடலை 340 உறுப்பினர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் பொறுப்பு அவருடையது. இலவசமாக முகவரி தரும் பெரிய நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் அனுப்பி வந்தார். ஒரு நாள் அந்த முகவரி முடங்கிவிட்டது. "விதிமீறல்" என்று ஒரே ஒரு வரி. எந்த விதி? எப்போது மீறினோம்? யாரிடம் முறையிடுவது? வாய் திறக்க ஆளில்லை. கொலைக் குற்றவாளிக்கும் குற்றப்பத்திரிகை கொடுக்கிறார்கள். எங்கள் மாத மடலுக்கு அதுவும் இல்லை!

தோழர் தளரவில்லை. "கடிதம் நம்முடையது, பெறுகிறவர்கள் நம்மவர்கள், நடுவிலே நாட்டாமை எதற்கு?" என்றார். உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை என்னும் சின்னஞ்சிறு கணினியை வாங்கினார். தம் வீட்டு அலமாரியிலேயே ஓர் அஞ்சல் நிலையம், அவர்கள் மொழியில் சொன்னால் அஞ்சல் சர்வர், அமைத்தார். மூன்று இரவு உழைப்பு. நான்காம் இரவு முதல் மடலை அனுப்பினார். போகவில்லை. மறுபடி அனுப்பினார். போகவில்லை. சுவரில் எறிந்த பந்தாவது திரும்பி வரும். இது திரும்பியும் வரவில்லை. காத்திருந்து காத்திருந்து, "நேரம் கடந்துவிட்டது" என்று கணினி கைவிரித்தது.

இணைப்புத் தந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தார். "பெட்டியை அணைத்துப் போடுங்கள்" என்றது ஒரு குரல். அணைத்தார், போட்டார். "கம்பியைப் பிடுங்கிச் செருகுங்கள்" என்றது மறு குரல். செருகினார். நான்காம் முறைதான் உண்மை வெளிவந்தது. "25-ஆம் எண் போர்ட் வீட்டு இணைப்பில் மூடப்பட்டிருக்கும் சார். வணிக இணைப்பும் நிலையான ஐ.பி. முகவரியும் வாங்கினால் பார்க்கலாம்." அந்தத் தம்பியை நோவதற்கில்லை. கதவை மூடியவன் அவன் அல்லன்; கதவருகே உட்கார வைக்கப்பட்டவன். அந்த ஒரு நிறுவனத்தை மட்டும் நோவதற்குமில்லை. உலகெங்கும் வீட்டு இணைப்பு விற்கும் நிறுவனங்கள் பல செய்கிற காரியம் இது.

அது என்ன 25 என்று கேட்பீர்கள். இணையத்தில் இணைந்த கணினி ஒவ்வொன்றுக்கும் 65,535 வாயில்கள் உண்டு. மரத்தில் செய்தவை அல்ல, எண்ணால் ஆனவை. எந்த வேலைக்கு எந்த வாயில் என்று வழக்கம் வகுத்திருக்கிறார்கள். ஓர் அஞ்சல் நிலையம் மற்றோர் அஞ்சல் நிலையத்துக்குக் கடிதம் கொண்டு போய்ச் சேர்க்கும் வாயில் 25. 1982-இல் ஜான் போஸ்டல் என்னும் அறிஞர் எழுதி வைத்த அஞ்சல் விதி அது. அந்த விதியிலே பெரிய நிலையம், சிறிய நிலையம் என்ற பேதம் கிடையாது. கோடி பேரின் கடிதத்தைச் சுமக்கும் நிறுவனமும், அபிராமபுரத்து அலமாரியில் இருக்கும் பெட்டியும், அந்த வாயிலில் சமம். வருணாசிரமம் எழுதப்படாத சாத்திரம் என்று நான் அதைச் சொல்வேன்.

சரி, ஏன் மூடினார்கள்? இங்கே நான் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். மேடைக்காக உண்மையை மறைக்கும் பழக்கம் நமக்கு வேண்டாம்.

திருடன் வந்தான். அதனால் மூடினார்கள்.

1978-இல் அமெரிக்காவிலே ஒரு கணினி விற்பனையாளர், கேளாத விளம்பரத்தைச் சுமார் 400 பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பினார். குப்பை அஞ்சலின் பிள்ளையார் சுழி அதுதான். பின்னே அது பெருகிப் பெருகி, 2003-இல் சோபிக் என்னும் கிருமி வந்தபோது புது வடிவம் கொண்டது. கிருமி உங்கள் கணினிக்குள் புகும். நீங்கள் உறங்குவீர்கள், கணினி உறங்காது. எங்கோ இருக்கும் எத்தனுக்காக, உங்கள் வீட்டிலிருந்து, உங்கள் செலவில், ஆயிரக்கணக்கான குப்பைக் கடிதங்களை 25-ஆம் வாயில் வழியே வாரி இறைத்துக்கொண்டிருக்கும். இதற்கு ஆளான வீடுகளில் நம் நாட்டு வீடுகள் கொஞ்சமல்ல. சோஃபோஸ் என்னும் பாதுகாப்பு நிறுவனம் 2012-இன் முதல் மூன்று மாதத்துக்கு எடுத்த கணக்கிலே, உலகக் குப்பை அஞ்சலைக் கடத்திவிடும் நாடுகளில் அமெரிக்காவையும் முந்திக்கொண்டு முதலிடம் பெற்றது இந்தியா. நூற்றுக்கு ஒன்பதுக்கு மேல் இங்கிருந்து! ஒலிம்பிக் பதக்கத்துக்குத் தவம் கிடக்கும் தேசத்துக்கு இதிலே தங்கம்!

பிரேசில் நாடும் இதே இழிபெயரைச் சுமந்தது. அங்கே அரசும் நிறுவனங்களும் கல்வியாளரும் பொதுமக்கள் தரப்பினரும் ஒன்றாக அமரும் இணையக் குழு ஒன்று உண்டு. அந்தக் குழு பல ஆண்டு பேசி, வீட்டு இணைப்புகளில் 25-ஆம் வாயிலை மூடுவதென்று முடிவு கட்டி, 2012-க்கும் 2013-க்கும் இடையில் நிறைவேற்றியது. குப்பை அஞ்சல் பட்டியலின் உச்சியில் இருந்த பிரேசில் மளமளவென்று கீழே இறங்கியது. ஆகவே, மூடுவதால் பயன் இல்லை என்று நான் சொன்னால் என் நாக்கு பொய்த்துப் போகும். பயன் உண்டு.

பூட்டியது குற்றமன்று, தோழர்களே. சாவியை வீட்டுக்காரனிடம் தர மறுப்பதுதான் குற்றம்.

நாடகக்காரன் நான், ஆகவே ஒரு காட்சி.

காலம் 1899. இடம் சென்னைப் பட்டணம். கையில் கடிதத்தோடு போகிறான் ஒரு வேலையாள். வழிமறிக்கிறார் வெள்ளைக்காரத் துரையின் அஞ்சல் அதிகாரி.

"நில்! கையில் என்ன?"

"கடிதமுங்க. எசமான் கொடுத்தாரு. திருவல்லிக்கேணியிலே அவரு தம்பிகிட்டே சேர்க்கணும்."

"கடிதம் சுமக்கும் உரிமை சர்க்காருக்கு மட்டுமே உரியது என்பதை அறியாயோ? கடிதம் ஒன்றுக்கு 50 ரூபாய் வரை அபராதம்!"

"அறிவேனுங்க. ஆனா இது எசமானோட சொந்த விசயம். இதுக்கின்னே அனுப்பின ஆளு நான்."

அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டுகிறார். 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம், 4-ஆம் பிரிவு. படிக்கிறார். முகம் சுருங்குகிறது. "போ" என்கிறார்.

கற்பனைக் காட்சிதான். சட்டம் கற்பனையல்ல. கடிதம் சுமக்கும் தனியுரிமையைத் தனக்கே வைத்துக்கொண்ட அந்த ஏகாதிபத்தியச் சட்டமே, அதே பிரிவில் விலக்குகளையும் எழுதி வைத்தது. வழிப்பயணம் போகும் நண்பர் கூலி பெறாமல் கடிதம் கொண்டு போகலாம். அனுப்புகிறவரின், அல்லது பெறுகிறவரின் சொந்த விஷயம் பற்றிய கடிதத்தை, அதற்கென்றே அமர்த்திய தூதன் வழியே அனுப்பலாம். உப்புக்கு வரி போட்ட வெள்ளையன், உன் வீட்டு ஆள் உன் கடிதத்தைத் தூக்கிப் போவதைத் தடுக்கத் துணியவில்லை!

அந்தச் சட்டம் இன்றில்லை. 2023-இன் அஞ்சலகச் சட்டம், 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்து, கடிதம் சுமக்கும் தனியுரிமையையே கைவிட்டது. காகிதக் கடிதத்தை இன்று யார் வேண்டுமானாலும் சுமக்கலாம். (அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு அஞ்சலை இடைமறித்துப் பார்க்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. 1986-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இத்தகைய மசோதாவுக்கு ஒப்புதல் தராமல் கிடப்பில் போட்டார் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங். அது தனிக் கூட்டத்துக்குரிய பொருள்.) காகிதத்துக்கு இவ்வளவு தாராளம். மின்னால் எழுதிய கடிதத்தை, என் வீட்டுப் பெட்டி, என் தோழரின் பெட்டியிடம் நேரே கொண்டு போய்க் கொடுக்க மட்டும் வழியில்லை. 1899-இன் வேலையாளுக்கு இருந்த உரிமை அபிராமபுரத்துக் கணினிக்கு இல்லை.

"வேறு வழி இல்லாமலா போயிற்று?" என்பார்கள். உண்டு. 587 என்று மற்றொரு வாயில் இருக்கிறது, 1998-இல் வகுத்தார்கள். அது திறந்தே இருக்கும். ஆனால் அதன் வழியே போனால் எங்கே போய்ச் சேரும்? ஒரு பெரிய அஞ்சல்காரனின் கூடத்திலே. "ஐயா, இதைக் கொண்டு போய்ச் சேர்த்துவிடுங்கள்" என்று அங்கே கைகட்டி நிற்க வேண்டும். அவன் சேர்ப்பான், சேர்க்காமலும் போவான். எங்கள் மாத மடல் முடங்கிய கதை அதுதானே!

அவன் கூடத்தில் கடிதம் எப்படி நடத்தப்படுகிறது? ஜிமெயில் நடத்தும் கூகுள் நிறுவனம், விளம்பரம் காட்டுவதற்காகப் பயனாளரின் கடித வாசகத்தைப் பொறியை விட்டுப் படிக்கும் வழக்கத்தைக் கைவிடுவதாக 2017-இல் அறிவித்தது. கைவிட்டது நன்று. ஆனால் அதுவரை படித்தது என்பதும் அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது அல்லவா? 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களிலே, அமெரிக்க உளவுத்துறைக்குச் செய்தி போன வழிகளாகக் கண்ட பெயர்கள் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ. அபிராமபுரத்திலிருந்து மந்தைவெளிக்குப் போகும் கடிதம் இடையிலே எந்த நாட்டுக் கிடங்கில் இறங்கி இளைப்பாறுகிறது என்பது எழுதியவருக்கே தெரியாது.

இதைக் கேட்டு, "என்ன பெரிய ரகசியம் எழுதிவிடப் போகிறீர்கள்?" என்று நகைப்பவர்கள் நம் இயக்கத்தின் வரலாறு அறியாதவர்கள். மடலால் வளர்ந்த இயக்கம் இது. 1955 முதல் 'திராவிட நாடு' இதழில் அண்ணா தம்பிக்கு மடல் எழுதினார். ஊர்தோறும் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டார்கள். நெருக்கடி நிலை வந்தது. 1976 ஜனவரி 31-இல் கழக ஆட்சி கலைக்கப்பட்டது. தணிக்கை அதிகாரி கத்தரியோடு உட்கார்ந்தார். கைதானவர்கள் யார் யார் என்று அச்சிடத் தடை. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அன்று முரசொலியிலே கலைஞர் ஒரு பட்டியல் வெளியிட்டார்: அண்ணா நினைவிடத்துக்கு வர இயலாதோர் பெயர்கள்! தணிக்கைக் கத்தரிக்குத் தெரியவில்லை, தமிழ்நாட்டுக்குத் தெரிந்துவிட்டது. அன்று நம்மைக் காத்தது, அச்சகம் நம்முடையதாக இருந்தது. நம் பெட்டி, நம் எழுத்து, நம் வழி. இன்று மடல் அனுப்பும் வழி யாருடைய கையில்?

ஒன்றைக் கவனியுங்கள். கதவை மூட எப்போதும் திருடனே காரணமாக இருந்ததில்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். என்னும் மத்திய அரசு நிறுவனம் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது, அதன் வழியே குரலில் பேசுவதற்குத் தடை இருந்தது. 2002 ஏப்ரல் 1 முதல்தான் அனுமதி. ஏழு ஆண்டு! கிருமியா காரணம்? இல்லை. இணையத்திலே பேசினால், வெளிநாட்டுத் தொலைபேசிக் கட்டணத்தில் வந்து குவிந்த வருவாய் போய்விடும். மகனை வளைகுடாவுக்கு அனுப்பிய தாய், நிமிடத்துக்கு நிமிடம் காசை எண்ணி எண்ணிப் பேசினாள். ஒரு கதவு திருடனுக்காக மூடப்பட்டதா, கல்லாப் பெட்டிக்காக மூடப்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுக்காரன் வந்து, "நான் திருடன் அல்லன், திறந்து விடு" என்று கேட்கும்போது என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். "அடையாளத்தைக் காட்டு" என்றால் திருடனுக்காக. "கூடுதல் கட்டணத்தைக் காட்டு" என்றால்?

திறந்து விட்டவர்களும் உலகில் உண்டு. பிரான்சு நாட்டின் ஃப்ரீ என்னும் நிறுவனம் வீட்டு இணைப்பில் இந்த வாயிலை அடைத்தே தந்தது. ஆனால் வாடிக்கையாளர் தம் கணக்குப் பக்கத்துக்குள் போய்த் தாமே அந்த அடைப்பை நீக்கிக்கொள்ள வழி வைத்தது. அறியாதவர் வீடு காக்கப்படும். அறிந்தவர் கை கட்டப்படாது. இதைச் செய்ய ராக்கெட் விஞ்ஞானி வேண்டியதில்லை.

தொழில்நுட்பம் தெரிந்த தோழர்கள் குறுக்கிடுவார்கள்: "அண்ணே, வாயிலைத் திறந்தால் மட்டும் போதாது." மெய்தான். ஐ.பி. முகவரிகளின் பழைய வகை மொத்தமே சுமார் 430 கோடி. உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆகவே பல வீடுகளை ஒரே முகவரியின் பின்னால் அடைத்து வைக்கிறார்கள், ஒரே கதவிலக்கத்தில் ஒண்டுக் குடித்தனம் போல. அங்கே என் பெட்டி எது, அடுத்த வீட்டுப் பெட்டி எது என்று கடிதம் பெறுகிறவருக்கு எப்படித் தெரியும்? மேலும், வீட்டு இணைப்பு முகவரிகளை எல்லாம் தொகுத்து, "இங்கிருந்து வரும் கடிதத்தை ஏற்காதே" என்று பட்டியல் நடத்தும் அமைப்புகள் உண்டு. ஸ்பாம்ஹவுஸ் என்பது அவற்றில் பெரியது. முகவரிக்குரிய பெயரைப் பதிந்து வைக்கும் குறிப்பு ஒன்று உண்டு. அதை இணைப்பு தரும் நிறுவனம்தான் எழுத முடியும். அது இல்லாவிட்டாலும் பெரிய நிலையங்கள் முகம் திருப்பும். ஆகவே கதவு ஒன்றல்ல, கதவுக்குப் பின்னே கதவு. ஆனால் முதற் கதவின் சாவியும், பெயர்க் குறிப்பு எழுதும் பேனாவும், தனி முகவரியும் ஒரே கையில், நாம் மாதந்தோறும் பணம் கட்டும் கையில், இருக்கின்றன. அங்கே கேட்காமல் வேறெங்கே கேட்பது?

கேட்க உரிமை உண்டா? உண்டு. 2015-இல், இணையத்தில் பாரபட்சம் கூடாது என்று பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் டெல்லியிலுள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய்க்குப் போய்க் குவிந்தன. மின்னஞ்சலால் வென்ற போராட்டம் அது. 2016 பிப்ரவரி 8 அன்று ஆணையம் பாரபட்சக் கட்டணத்தைத் தடை செய்தது. ஃபேஸ்புக் நிறுவனம் "இலவசம்" என்று கொண்டு வந்த வலை சுருட்டப்பட்டது. 2017 நவம்பரில் ஆணையம் தந்த பரிந்துரை, உள்ளடக்கத்தைப் பார்த்து மட்டுமல்ல, எந்த நெறிமுறையில் செய்தி போகிறது என்பதைப் பார்த்தும் பாரபட்சம் காட்டக் கூடாது என்றது. 2018 ஜூலையில் மத்திய அரசு அந்தக் கொள்கையை ஏற்றது. அஞ்சலும் ஒரு நெறிமுறைதானே! "வலையமைப்பின் பாதுகாப்புக்காக நியாயமான கட்டுப்பாடு செய்யலாம்" என்ற விலக்கு அதிலே உண்டு. அதைக் காட்டித்தான் வாதிடுவார்கள். வாதிடட்டும். நியாயமான கட்டுப்பாடு என்றால், அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தோழருக்கு நான்காம் தொலைபேசியில்தானே தெரிந்தது!

தமிழ்நாட்டு அரசே ஓர் ஆணை போட்டு இதைத் தீர்த்துவிடக் கூடாதா என்றால், முடியாது. அஞ்சல், தந்தி, தொலைபேசி, அவை போன்ற பிற தொடர்பு வழிகள் அனைத்தும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 31-ஆம் பதிவில் போய் அமர்ந்திருக்கின்றன. அபிராமபுரத்துக் கதவுக்கு டெல்லியில் தாழ்ப்பாள்! 1969-இல் கலைஞர் அரசு இராசமன்னார் குழுவை ஏன் அமைத்தது என்று கேட்கும் இளந்தோழர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆகவே டெல்லிக்கே எழுதுகிறோம். விண்ணப்பம் தயார். 25-ஆம் வாயிலை மூடியே தரட்டும், ஆட்சேபம் இல்லை. வாடிக்கையாளர் தம் அடையாளத்தைக் காட்டி எழுதிக் கேட்டால், கூடுதல் கட்டணம் இன்றி, குறித்த நாட்களுக்குள் திறந்து விட வேண்டும். முகவரிக்குரிய பெயர்க் குறிப்பையும் எழுதித் தர வேண்டும். குப்பை அஞ்சல் போனால் அன்றே மூடட்டும்; ஆனால் காரணத்தை எழுத்தில் தரட்டும், முறையிட ஓர் இடமும் வைக்கட்டும். மூடியிருக்கும் செய்தியை ஒப்பந்தத்தில், தமிழிலே, முதற் பக்கத்திலே அச்சிட வேண்டும்.

கூட்டம் முடிந்தபின் ஒரு தோழர் கேட்டார்: "இந்த விண்ணப்பத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிடலாமே?" அனுப்புவோம். கூடவே கையெழுத்துப் படிகளை மயிலாப்பூர் தலைமை அஞ்சலகத்தில் விரைவு அஞ்சலிலும் சேர்க்கிறோம். வட்டச் செயலாளர் வீட்டுத் திண்ணையில் படிவம் இருக்கிறது. மாலை 6 மணிக்கு மேல் வந்து கையெழுத்திடலாம்.

முடங்கிய மாத மடலின் 340 படிகள் அச்சாகி வந்துவிட்டன. அடுத்த ஞாயிறு காலை 7 மணிக்கு, சைக்கிள் வைத்திருக்கும் தோழர்கள் அங்கே வாருங்கள். ஆளுக்கு இருபது வீடு.